ஜாஸியா தோட்டத்து ஸைத்தரான்

ஆய்வு மையத்து முற்றத்தில், சினாய் மலையில் வாழும் எங்கள் ஜெபலியா ஜனங்களில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ரய்யா தன் மாமி ஜாஸியாவைக் கலப்படக்காரி ஆக்கினாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அங்கே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் காதிலும் அதுதான் விழுந்தது.

ஜாஸியா ரய்யாவின் தாய்மாமன் ஃப்ரேஜின் மனைவி. நாற்பதைத் தொட்டவள். பிள்ளை இல்லை. உம்மு லோஸ் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் அவர்களுக்குக் கல்சுவர் வைத்த தோட்டம் ஒன்று உண்டு. வாதுமையும் ஒலிவமும் ஆப்ரிகாட்டுமாக மரங்கள், நடுவில் கிணறு. கிணற்றுக்குத் தெற்கே, வெயில் சாயும் பக்கமாக ஒரு பாத்தி. அதில்தான் அவள் ஸைத்தரான் வளர்த்தாள்.

ஸைத்தரான் எங்கள் சினாய் மலையில், உச்சிக்குப் பக்கத்துப் பாறை வெடிப்புகளில் முளைக்கிற குத்துச்செடி. முழங்காலுக்கு மேல் வளராது. தண்டு விறகு மாதிரி இருக்கும். இலையைக் கசக்கினால் ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்ததுபோல வாசம் சுள்ளென்று மூக்கில் ஏறும். இருமலுக்கு அதைத்தான் தேநீரில் போடுவோம். நாங்கள் ஒரு கிள்ளு கிள்ளினோம். வெளியூர் வியாபாரிகளுக்கு விற்றவர்கள் வேரோடு பிடுங்கினார்கள். மழையும் பொய்த்தது. ஆடு மேய்க்கும் பெண்கள் 'இந்தப் பக்கம் ஒரு புதர் இருந்ததே' என்று பேசிக்கொள்ளும் நிலைமைக்கு அது வந்துவிட்டது.

அதனால்தான் ஆய்வு மையத்துக்காரர்கள் விதையிலிருந்து நாற்று எழுப்பி, தோட்டம் வைத்திருந்த சில குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். சுவருக்குள் வளர்கிற செடியின் எண்ணெயும் மலைச் செடியின் எண்ணெயும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் வியாபாரிகள் தோட்டத்துக்கு வருவார்கள், மலையை விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. மற்றக் குடும்பங்களின் நாற்றெல்லாம் பனியில் கருகியோ தண்ணீர் மிஞ்சி அழுகியோ போயின. ஜாஸியாவுடையது நின்றது. பனி கொட்டிய குளிர்காலத்தில் அவள் வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் கொண்டுபோய்ச் செடிகள்மேல் போர்த்தினாள்.

"எனக்குப் போர்வை இல்ல, உன் செடிக்கு இருக்கு. நானும் ஸைத்தரானாப் பொறந்திருக்கணும்" என்று ஃப்ரேஜ் கிண்டல் செய்தான்.

"பொறந்திருந்தா உங்க குறட்டையாவது இருக்காது" என்றாள் ஜாஸியா.

அந்த எண்ணெயை வடித்துப் பார்க்கும் வேலை ரய்யாவுடையது. எங்கள் ஜனத்தில் வேதியியல் படித்த முதல் பெண் அவள். இஸ்மாயிலியாக் கல்லூரிக்கு அவளை அனுப்ப மாட்டேன் என்று நின்ற அப்பாவிடம் மல்லுக்கட்டியது ஃப்ரேஜ் மாமாதான். முதல் நாள் பேருந்தில் கூடவே உட்கார்ந்து போய், விடுதி வாசலில் பெட்டியை இறக்கிவைத்து, "உன் மாமன் எழுத்துக் கூட்டத் தெரியாதவன். நீ எனக்கும் சேர்த்துப் படி" என்று சொல்லிவிட்டு வந்தவனும் அவன்தான்.

அந்த வசந்தத்தில் செடி பூத்ததும் முதலில் மலைச் செடியின் இலைகளையும், பிறகு ஜாஸியா அறுத்துக் கட்டிக்கொடுத்த கட்டுகளையும் ரய்யா வடித்தாள். இரண்டு எண்ணெயும் தலைநகரத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போய், அவற்றில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பதில் வந்தது. மலைச் செடியின் எண்ணெய் சுத்தம். ஜாஸியாவின் எண்ணெயில் காட்டுப் புதினாவின் சரக்கு துலக்கமாகத் தெரிந்தது.

மையத்தின் தலைவர் டாக்டர் நாஜி டெல்டாப் பக்கத்து மனிதர். சண்டை சச்சரவு பிடிக்காதவர். கணினித் திரையைப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"கட்டு சிறுசா இருக்கேன்னு கொஞ்சம் புதினாவையும் சேர்த்துக் கட்டிட்டாங்கபோல. உன் மாமிதானே? தனியாப் போய்க் கேட்டுட்டு வாயேன்."

"தனியாக் கேட்டா, சொந்தக்காரின்னு மூடி மறைச்சேன்னு சொல்லுவாங்க சார்."

அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். நாற்று கருகிப்போன வீடுகளில், ஜாஸியாவுக்கு மட்டும் நல்ல நாற்றாகப் பொறுக்கிக் கொடுத்தாள் மருமகள் என்று ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. ரய்யாவுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. தான் யாருக்கும் சாய்கிறவள் அல்ல என்று எல்லோர் முன்னாலும் நிரூபிக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததும் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் கூட்டம். எல்லோருக்கும் தேநீர் வந்தது. ரய்யா எழுந்து மலைச் செடியின் எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். பிறகு குரலை ஏற்றினாள்.

"தோட்டத்துக் கட்டுல ஸைத்தரான் மட்டும் இல்ல. காட்டுப் புதினா கலந்திருக்கு. கலந்து கொடுத்தா இந்த வேலையே வீண்."

ஜாஸியா முதலில் யாரைச் சொல்கிறாள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தோட்டத்துக் கட்டு என்றால் தன்னுடையதைத் தவிர வேறில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எந்தக் கட்டுலடி?"

"எல்லாத்துலயும், மாமி."

"என் கையால அறுத்து என் கையால கட்டினது அது."

"எண்ணெய் பொய் சொல்லாது மாமி."

பின்வரிசையிலிருந்து ஒருவன் சிரித்தான். "சொந்தக்காரி தோட்டம்னா புதினாகூட ஸைத்தரானா மொளைக்கும்போல!" இன்னும் சிலர் சிரித்தார்கள்.

ஃப்ரேஜ் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் தரையில் வைத்தான். "எழுந்திரு, ஜாஸியா" என்றான். நிரம்பிய கோப்பையை அப்படியே விட்டுவிட்டு இருவரும் வெளியே போனார்கள். எங்களில் ஒருவன் தேநீரைத் தொடாமல் எழுந்தால் அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ரய்யா நிமிர்ந்துதான் நடந்தாள். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிறைவு அவளுக்கு இருந்தது. பின்னாளில் நினைத்து நினைத்துக் குறுகியது அந்த நிமிர்ந்த நடையைத்தான். வீட்டில் அவள் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் அண்ணன் முகத்துல கரியப் பூசிட்டு வந்து எங்கிட்ட ரொட்டி கேக்குறியா?"

"நான் கேக்கவே இல்லையேம்மா."

"கேக்காதே."

சில நாள் கழித்து, காலையில் மையத்தின் வாசலில் கழுதை கனைக்கும் சத்தம் கேட்டு ரய்யா எட்டிப்பார்த்தாள். ஃப்ரேஜ் நின்றிருந்தான். கழுதையின் இரண்டு பக்கமும் பெரிய சாக்குகள். அவன் கயிற்றை அவிழ்த்துச் சாக்குகளைத் தலைகீழாகக் கொட்டினான். ஸைத்தரான் புதர்கள் வேரோடு சரிந்து குவிந்தன. வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"மாமா! என்ன பண்ணிட்டீங்க மாமா!"

"உங்க புதினா. எடுத்துக்கோ."

"எல்லாத்தையுமா பிடுங்கினீங்க?"

"கலப்படக்காரி வீட்டுல செடி எதுக்கு? என் பொண்டாட்டி போர்வையில்லாம படுத்தா இதுங்களுக்காக. இனிமே போர்வையாவது மிச்சம்."

அவன் கழுதையைத் திருப்பிக்கொண்டு போனான். ரய்யா குவியலின் முன் மண்டியிட்டாள். டாக்டர் நாஜியும் ஓடிவந்தார். கிடைத்த பைகளிலெல்லாம் மண்ணை நிரப்பி நட்டார்கள், நிழலில் வைத்தார்கள், ஈரத்துணி போட்டு மூடினார்கள். வெயில் ஏறிவிட்ட காலம். ஸைத்தரானின் வேர் பாறைக்குள் ஆழமாக இறங்குகிற வேர். பிடுங்கும்போது பாதி அறுந்துவிட்டிருந்தது. பூவோடு நின்ற தலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. கடைசியில் ஒன்றுகூடத் தேறவில்லை.

செடிகளைப் பிரித்து நட்டபோதே ரய்யா ஒவ்வொரு புதருக்கும் நடுவில் கையை விட்டுப் புதினா இருக்கிறதா என்று பார்த்திருந்தாள். ஒரு தண்டுகூடக் கிடைக்கவில்லை. கையெல்லாம் ஓம வாசம்தான். கட்டும்போது கலந்திருப்பாள், தோட்டத்தில் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பட்டுப்போன செடிகளின் இலைகளையாவது வடித்துப் பார்த்துவிடு என்றார் டாக்டர் நாஜி. வடிகுடுவையைச் சுத்தம் செய்வதற்காக ரய்யா முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்தாள். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது. எப்போதும் செய்வதுபோலக் குவளையை எடுத்து முகர்ந்தாள்.

புதினா.

திரும்பவும் முகர்ந்தாள். குடுவையில் ஒரு இலைகூட இல்லை. கண்ணாடிக் குழாய்கள் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். அதற்குள் புதினா ஊறிப்போயிருந்தது.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மலைச் செடியை வடித்து முடித்து, ஜாஸியாவின் கட்டுகளை வடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் வந்த விடுமுறை நாள். ரய்யாவின் சித்தி மகள் ஹனாதி சுற்றுலாக்காரர்களுக்குச் சோப்பு செய்து விற்கிறவள். "உங்க கண்ணாடிச் சாமான் லீவு நாள்ல சும்மாத்தானேடி கெடக்கு? சோப்புக்குக் கொஞ்சம் புதினா எண்ணெய் எடுத்துக் கொடேன்" என்று கெஞ்சினாள். மையத்தின் கருவியைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது. ரய்யாவுக்கு அது தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் வடித்துக் கொடுத்தாள். குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ரப்பர் வளையத்தை மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. 'எண்ணெய் பொய் சொல்லாது மாமி' என்ற தன் குரல் தன் காதிலேயே கேட்டது. முகம் சுட்டது. யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று எழுந்து கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு, எதற்காகச் சாத்தினோம் என்று நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

புது வளையம் போட்டு, பட்ட செடிகளின் இலைகளை வடித்து அனுப்பினாள். பதில் வந்தது. புதினாவின் சுவடே இல்லை. மலைச் செடியின் எண்ணெயோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. கிடைத்த எண்ணெயின் அளவும் மலைச் செடியைவிடக் கூடுதல்.

"நாம இத்தனை நாளாத் தேடினது இதுதானே!" என்றார் டாக்டர் நாஜி. சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "அப்போ அந்தப் புதினா?"

ரய்யா சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முதல் மாதிரி கெட்டுப்போச்சு, காரணம் தெரியலைன்னு எழுதிடுவோம். யார் பேரும் வராது. நீ சோப்புக்கு எண்ணெய் எடுத்தது வெளியே தெரிஞ்சா உன்னை நான் இங்க வச்சிருக்க முடியாது, புரியுதா?"

"புரியுது சார்."

அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இரண்டொரு நாள் அந்த ஆறுதலோடு சாப்பிட்டாள், தூங்கினாள். அது என்ன மாதிரியான ஆறுதல் என்று புரிந்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

உம்மு லோஸுக்கு ஏறிப்போனாள். ஜாஸியா சுவரில் சரிந்த கற்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று உட்காரவைத்தாள். தேநீர் போட்டாள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கிணற்றுக்குத் தெற்கே பாத்தி குழிகுழியாகக் கிடந்தது. ரய்யா அதைப் பார்க்காமலிருக்க வாதுமை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் வேறு ஏதோ வந்தது. காய் நல்லாப் பிடிச்சிருக்கே மாமி என்றாள். ஆமா என்றாள் ஜாஸியா. தேநீரைக் குடித்துவிட்டு ரய்யா இறங்கி வந்துவிட்டாள். வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் மறுபடி போனாள். இந்தத் தடவை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். புதினா, ஹனாதி, ரப்பர் வளையம், இரண்டாம் எண்ணெய். ஜாஸியா மண்வெட்டியின்மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. இத ஏன் எங்கிட்டச் சொல்ற?"

"மாமி..."

"நான் கலக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. நீ முத்தத்துல வச்சு என்னைக் கிழிச்ச. இப்போ ஆளில்லாத மலையில வந்து தைக்கிற."

ரய்யாவின் கண் குழிகுழியான பாத்திமேல் போய் விழுந்தது.

"உன் மாமா இப்போல்லாம் எப்படிக் கிணத்துக்குப் போறாருன்னு பாத்தியா? வடக்கால சுத்திக்கிட்டுப் போறார். அந்தப் பாத்தியப் பாக்க முடியல. நீ வாயால பண்ணின, அவர் கையால பண்ணினார். நடுவுல செத்தது என் செடி. உங்க ரெண்டு பேர் கோவத்துக்கும் மானத்துக்கும் நான் என்னடி பண்ணினேன்?"

கோடையின் நடுவில் எங்கள் புனிதர் ஷேக்கின் அடக்கத்தலத்தில் ஜெபலியாக்கள் அத்தனை பேரும் கூடுவார்கள். ஆடு அறுத்து, சோறு ஆக்கி, பகலெல்லாம் அங்கேயே இருப்பார்கள். அந்த வருஷம் கிளம்புவதற்கு முன் ரய்யா அம்மாவிடம் ஒரு வெள்ளைத் துணி கேட்டாள். எங்கள் வழக்கத்தில், ஒருவர் முகத்தைக் கறுக்கவைத்தவர் அவர் பெயரைச் சொல்லி வெள்ளைத் துணி உயர்த்த வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி. அம்மா எதற்கென்று கேட்கவில்லை. தன் பெட்டியின் அடியிலிருந்து புதுத் துணியாக எடுத்து மடித்துக் கையில் கொடுத்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. ஆண்கள் கூடாரத்தின் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் யாரோ நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின்மேல் ரய்யா ஏறினாள். கூடாரக் கழி ஒன்றில் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்தாள். பேச்சு அடங்கியது.

"இது என் மாமி ஜாஸியாவுக்கு. அவங்க கட்டுல புதினா இல்ல. புதினா என் குடுவையில இருந்துச்சு. சோப்புக்காக நான் திருட்டுத்தனமா வடிச்சது. அதை மறந்துட்டு அவங்கமேல பழி போட்டேன். கேக்கணும்னுகூடத் தோணல எனக்கு. அவங்க தோட்டத்து எண்ணெய் மலை எண்ணெய்க்குக் கொஞ்சமும் கொறஞ்சதில்ல. அளவுல அதைவிட மேல. ஆனா அந்தச் செடி இப்போ ஒண்ணுகூட உயிரோட இல்ல. அதுக்குக் காரணம் நான்."

பெண்கள் பக்கத்தில் ஹனாதி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் ஃப்ரேஜ் உட்கார்ந்திருந்தான். அளவில் மேல் என்று அவள் சொன்னபோது அவன் தலை கவிழ்ந்தது. தன் கைகளை மடிமேல் விரித்து ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து யாரிடமும் சொல்லாமல் பாறைகளுக்குப் பின்னால் போய்விட்டான்.

ஜாஸியா இருந்த இடத்திலேயே இருந்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் தோளைத் தொட்டார்கள். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"கீழ எறங்கு. வெயில்ல நிக்காத" என்று மட்டும் ரய்யாவைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு வாரத்துக்குள் ரய்யாவுக்குச் சோப்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போனால், "டாக்டரம்மா, நம்ம அழுக்கு போகுமா?" என்று கேட்பார்கள். அவள் சாமானை வாங்கிக்கொண்டு வருவாள். டாக்டர் நாஜி தான் சொன்னதில் பாதியைச் செய்தார். ஆய்வறைச் சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் அனுப்பிவிடாமல் நாற்றங்காலுக்கு மாற்றினார். பை நிரப்புவதும் தண்ணீர் விடுவதும் அவள் வேலை. எண்ணெய் பற்றிய அறிக்கையில் நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லி அவள் கேட்டாள். அவரும் எழுதினார். சோப்பைப் பற்றி எழுதும்போது அவருடைய காது சிவந்திருந்தது.

கோடை முடிகிற நேரத்தில் ஜாஸியா மையத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"விதை வேணும். மேல செங்குத்துப் பாறைக்கு அடியில இன்னும் புதர் நிக்குதாம். நீயும் உன் மாமாவும் போய் எடுத்துட்டு வாங்க."

"அவர் எங்கூட வருவாரா மாமி?"

"அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போகணும். தனித்தனியாக் கொண்டுவந்தா எனக்கு வேண்டாம்."

விடிந்ததும் கிளம்பினார்கள். ஃப்ரேஜ் முன்னால் நடந்தான். ரய்யா பத்தடி தள்ளிப் பின்னால் போனாள். அன்று முற்றத்துக் கூட்டத்திலிருந்து எழுந்துபோன பிறகு, புதர்களைக் கொட்டிய நாளைத் தவிர, அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவளும் என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் செருப்பின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். தண்ணீர் குடிக்க நின்றபோது அவன் தண்ணீர்ப் பையைக் கல்மேல் வைத்துவிட்டு விலகிப்போய் நின்றான். அவள் குடித்ததும் வந்து எடுத்துக்கொண்டான். அவன் கோபத்தில் பேசாமல் இருக்கிறான் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். ஓர் இடத்தில் வழியோரம் காய்ந்த குத்துச்செடி ஒன்று வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. அவன் நின்று, குனிந்து, அது ஸைத்தரான் இல்லை என்று பார்த்த பிறகுதான் நடந்தான். அப்போது அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். அதில் கோபம் இல்லை; தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

செங்குத்துப் பாறைக்கு அடியில் வெடிப்பு நெடுகப் புதர்கள் நின்றன. பூ உலர்ந்து பழுப்பேறியிருந்தது. ஃப்ரேஜ் தலைத்துணியை அவிழ்த்துக் கீழே விரித்தான். இரண்டு பேரும் பூத்தலைகளை மெல்லத் தட்டினார்கள். தூசி மாதிரி விதை விழுந்தது. ஒரு புதரில் கொஞ்சம் எடுத்துவிட்டு மீதியை மலைக்கே விட்டார்கள்.

மேலே இன்னொரு புதர் தெரிந்தது. ரய்யா ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு எட்டிக் காலைத் தூக்கினாள்.

"அந்தக் கல்லுல கால் வைக்காத. ஆடுது" என்றான் ஃப்ரேஜ்.

அவள் காலை மாற்றி வைத்தாள். அவன் கீழே நின்று துணியை அவளுக்கு நேராக ஏந்திப் பிடித்தான்.